பதினேழாம் மெமரியில் என் குரல்

அந்த மனிதரை நான் ஆறு வருஷம் அண்ணா என்று கூப்பிட்டேன். மனசார கூப்பிட்டேன். அதனால்தான் அவருக்கு நான் செய்ததை இன்று நினைத்தாலும் நான் வருந்துவதில்லை.

சேலையூரில் நாங்கள் போன சர்ச்சின் பாடகர் குழுவில் அவர் டெனர், ஆண்களின் மேல்குரல்; நான் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல். ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்தார். இனிமையாகப் பேசியே எதிரில் இருப்பவரைத் தலையாட்ட வைத்துவிடுவார். கிதார் சுமாராக வாசிப்பார், நன்றாகப் பாடுவார், மேடையில் ஏறினால் பத்து வயது குறைந்துவிடும். நான் அப்படி இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறேன். பெல்ட்டில் வரும் டப்பா சென்சாரைத் தாண்டினால் இரும்புக் கை எழும்ப வேண்டும், டப்பா சாய்ந்து வந்தால் எல்லாமே நிற்க வேண்டும். இப்படி நூறு நிபந்தனைகளை ஒன்றன் பின் ஒன்றாக எழுதி மெஷினுக்குள் போடுவதுதான் என் பிழைப்பு. மேடையில் நின்றால் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் என்னை வாசலில் பிடித்தார்.

"ஒரு லூப்பர் வாங்கியிருக்கேன்மா. மூணு வாரமா அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். நீ மெஷின்காரி ஆச்சே, வந்து பாரேன்."

லூப்பர் என்பது காலடியில் வைக்கிற ஒரு பெட்டி. பட்டனை மிதித்தால் நாம் பாடுவதைப் பதிவு செய்யும். மறுபடி மிதித்தால் பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் இன்னொன்றைப் பதிவு செய்யலாம், அதற்கு மேல் இன்னொன்று. கிதார் பலகையில் தட்டித் தாளம், அதன் மேல் கிதார் கம்பிகளின் கார்டு, அதன் மேல் ஒரு குரல், அதன் மேல் இன்னொரு குரல். ஒற்றை ஆள் நின்று ஒரு குழுவையே எழுப்பிவிடலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அவருடைய பெட்டியில் இருந்தவை மூன்றே பட்டன்கள். பாட்டின் நடுவில் ஒரே தட்டில் தாளத்தை நிறுத்தி, குரலை ஓடவிட்டு, மூன்றாவது அடுக்கில், அதாவது ட்ராக்கில், பதிவைத் தொடங்க வேண்டுமென்றால் மூன்று கால் வேண்டும். அவர் ஒற்றைக் காலில் குதித்துக் கொண்டிருந்தார்.

நான் ஒரு ஃபுட் கன்ட்ரோலர் வாங்கினேன். பத்து பட்டன்கள் உள்ள நீளப் பலகை. அதிலிருந்து லூப்பருக்கு ஒரு கேபிள் போகும். அந்தப் பலகை தானாக எந்தச் சத்தமும் போடாது. லூப்பருக்குக் கட்டளை மட்டும் அனுப்பும். ஒரு பட்டனை ஒரு முறை மிதித்தால் எத்தனை கட்டளை போக வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்று லேப்டாப்பில் எழுதி அதற்குள் ஏற்ற வேண்டும். எனக்கு அது தொழிற்சாலை வேலையின் தங்கச்சி மாதிரி இருந்தது.

அவர் வீட்டு மாடி அறையில் ஞாயிறு மதியங்களைக் கழித்தேன். கன்ட்ரோலருக்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பத்து பட்டனுக்கும் வேறு வேறு வேலை. அவர் பாதம் அகலம். ஆறாவது பட்டனை மிதிக்கும்போது ஏழாவதும் சேர்ந்து அழுந்தும். அதனால் ஆறாவது வேலை செய்யும் பாட்டுகளில் ஏழாவதைச் சும்மா வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதை விரும்பினார் என்பதற்காக, காலால் தடவியே தெரிந்துகொள்ளும்படி இரண்டு பட்டன்களில் சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி ஒட்டினேன். அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவர் உன்னை வேலை வாங்குற மாதிரி ஆபீஸ்ல யாரையும் வாங்க மாட்டார்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

பிறகு இரண்டு பேருமாக மேடை ஏறினோம். அபார்ட்மென்ட் விழாக்கள், பள்ளிக்கரணையில் ஒரு ரெஸ்டாரண்டின் மேல்மாடி, கல்லூரி ஆண்டு விழாக்கள். அவர் நடுவில் நிற்பார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கீழ்க்குரல் பாடுவேன். "இவங்கதான் என் கூட பாடுறவங்க" என்று என் பக்கம் கை காட்டுவார். அது எனக்குப் போதுமாக இருந்தது. உண்மையாகவே போதுமாக இருந்தது.

ஒரு டிசம்பரில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிகழ்ச்சி தப்பித்தது, ஆனால் அவர் பயந்துவிட்டார். "எதுக்கும் உன் பார்ட் எல்லாத்தையும் லூப்பர்ல பதிவு பண்ணி வெச்சிடலாம்மா. என்னைக்காவது நீ வர முடியலன்னா உதவும்" என்றார். சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. தொண்டை சரியானதும் பதினாறு பாட்டுகளுக்கான என் குரலை லூப்பரின் பதினாறு சேமிப்பு இடங்களில், அதாவது மெமரிகளில், பதிவு செய்தேன். பதினேழாவதில் என் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடி வைத்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், ரயிலில் போய்வரும்போது நானே கட்டிய பாட்டு அது. மொத்தம் மூன்று சரணம். அதில் முதல் எட்டு வரியை மட்டும், வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினேன். அன்றைக்கு அந்த மாடி அறையில் அவர் கண் கலங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நம்பினேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நான் புடவை எடுத்து வைத்த பிறகு போன் வந்தது.

"அவங்க சோலோதான் கேக்குறாங்கம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அடுத்த தடவை கண்டிப்பா."

அடுத்த தடவையும் சோலோ. அதற்கடுத்ததும். ஐந்து மாதம். ஆனால் ஞாயிறு மதியம் மட்டும் கூப்பிடுவார். இந்தப் பாட்டையும் அந்தப் பாட்டையும் இணைத்துக் கொடு, இந்தப் பட்டனை அங்கே மாற்று. நானும் போய் மாற்றிக் கொடுத்தேன். என்ன பாடுகிறார், எப்படிப் பாடுகிறார் என்று கேட்கவே இல்லை. கேட்டால் ஏக்கம் தெரிந்துவிடும் என்று ஒரு வீம்பு.

உண்மையைச் சொன்னவர் சவுண்ட் அண்ணன். எங்கள் பக்கத்தில் பாதி நிகழ்ச்சிகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர், எங்கள் இரண்டு பேருக்கும் எத்தனையோ தடவை ஒலி அமைத்தவர். கேம்ப் ரோடு சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவருடைய லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓரம் கட்டச் சொல்லிக் கை காட்டினார்.

"இன்னாக்கா, மேடைக்கே வர்றதில்ல? ஒடம்பு எதுனா சரியில்லியா?"

"சோலோ கேக்குறாங்களாம் அண்ணா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சோலோவா? உன் கொரலு பூரா ஸ்பீக்கர்ல ஓடிக்கினு கீது, நீ மட்டும் வூட்ல குந்திக்கினு கீற. இது இன்னா சோலோ?"

போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பெரிய மேடை, நீல விளக்கு. நான் அண்ணா என்று கூப்பிட்டவர் மட்டும் நின்றிருந்தார். கண்ணை மூடியிருந்தார். நான் ரப்பர் ஒட்டிய பட்டனைக் கால் கட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து மிதித்தார். என் குரல் வந்தது. அடுத்த மிதியில் என் இரண்டாவது குரல். பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் பெண் மைக்கோடு வந்து, "சார், அந்த லேடீஸ் வாய்ஸ் யாரு?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "எல்லாமே நான்தாங்க. என் குரலையே பிட்ச் மாத்தியிருக்கேன். இந்த ப்ரோக்ராமிங் முழுக்க நானே உக்காந்து பண்ணது. ரெண்டு வருஷம் ஆச்சு."

கூட்டம் ஓஹோ என்றது.

சவுண்ட் அண்ணன் போனைப் பையில் போட்டார். "எனக்கு பேஜாரா பூட்ச்சுக்கா. அதான் சொன்னேன். நான் சொன்னேன்னு சொல்லிக்காத."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. வீட்டுக்கு எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாடல் பயிற்சி முடிந்ததும் அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. வெட்கப்படுவார், தடுமாறுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"மேடையில சொல்றதை எல்லாம் சீரியஸா எடுத்துப்பியா நீ? ஜனங்களுக்கு ஒரு ஆள் போதும்மா. ரெண்டு பேர் நின்னா அவங்களுக்கு அந்த பிரமிப்பு வராது."

"என் குரலை உங்க குரல்னு சொன்னீங்க."

"நீ விருப்பப்பட்டு பாடிக் கொடுத்ததுதானே? நான் திருடினேனா?"

"ப்ரோக்ராமும் நீங்களே பண்ணதா சொன்னீங்க."

"நீ டெக்னிக்கல் சப்போர்ட்மா. சினிமால லைட் புடிக்கிறவர் பேரை ஹீரோ சொல்லிட்டா இருக்கார்?" என் தோளில் தட்டினார். "மனசுல வெச்சுக்காத. வர்ற ஞாயித்துக்கிழமை வா, நாலஞ்சு பாட்டை ஒண்ணா கோத்து ஒரு புது மெட்லி யோசிச்சு வெச்சிருக்கேன்."

நான் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ரயிலில் உட்கார்ந்து பழிவாங்குவதைப் பற்றி மட்டும் யோசித்தேன். காலை ரயிலில் ஒரு திட்டம், மாலை ரயிலில் ஒரு திட்டம். லூப்பரில் இருக்கும் எல்லா மெமரியையும் அழித்துவிடலாம். ஒரே நிமிஷ வேலை. ஆனால் அப்படி அழிந்தால் அவர் மேடையில் பரிதாபமாகச் சிரித்து, "டெக்னாலஜி இப்படித்தான்" என்பார். பாவம் என்று கைதட்டுவார்கள். அவருக்கு ஒரு பாட்டு கெட்டுப்போவது எனக்குப் போதாது. அவர் அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும். நான் யார் என்று அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் என் கை பெல்ட்டை ஓட்டிக்கொண்டிருக்கும், மனசு அவருடைய பத்து பட்டன்களில் இருக்கும்.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். சேலையூரில் ஒரு பள்ளி ஆடிட்டோரியத்தில் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. மெட்லி செய்தே ஆக வேண்டுமாம். குரலில் தேன் வழிந்தது. "நீ வரலன்னா நான் செத்தேன்மா."

"வர்றேன் அண்ணா" என்றேன்.

லேப்டாப்போடு போனேன். அவர் கேட்ட மெட்லியை ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். அந்த வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. கடைசிப் பாட்டின் ஏழாவது பட்டனை மட்டும் மாற்றினேன். அந்தப் பாட்டில் பாட்டை முடித்து வைப்பது அந்தப் பட்டன்தான். ஒரு மிதி, ஓடுகிற எல்லா ட்ராக்கும் நிற்கும். லூப்பர் பதினேழாவது மெமரிக்குப் போகும். என் எட்டு வரி ஒரே ஒரு தடவை ஓடும். அவருடைய மைக்கும் கிதாரும் லூப்பர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகின்றன. அந்த இரண்டின் ஒலியும் பூஜ்யத்துக்கு இறங்கும். அதோடு கன்ட்ரோலர் வேறொரு பக்கத்துக்குத் தாவும். அந்தப் பக்கத்தில் பத்து பட்டன்களும் ஒன்றும் செய்யாது. எத்தனை மிதித்தாலும் மரக்கட்டை.

ஒத்திகையில் அவர் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவர் எந்தப் பாட்டையும் முடிவு வரை ஒத்திகை பார்க்கிறவர் இல்லை. உச்சம் வந்ததும் திருப்தியோடு நிறுத்திவிடுவார்.

சனிக்கிழமை நான் ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு. அவர் உச்சத்தில் பாடி, கையை விரித்து, ஏழாவது பட்டனை மிதித்தார்.

எல்லாம் நின்றது. அந்த அமைதிக்குள் என் குரல் வந்தது.

அவர் முகத்தில் ஒரு திகைப்பு ஓடியதைப் பார்த்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தார். மைக்கில் ஒன்றும் வரவில்லை. காலால் ஒரு பட்டனைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். மாட்டிக்கொண்டாய் என்று நினைத்தேன்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு அடி பின்னால் போனார். தலையைக் குனிந்து, கையை நெஞ்சில் வைத்து, அந்தக் குரலைக் கேட்டபடி நின்றார். எட்டு வரியும் முடியும் வரை அசையவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அவர் தொகுப்பாளரின் மைக்கை வாங்கினார். "என் அம்மாவுக்காகப் பாடினது" என்றார், குரல் தழுதழுக்க. "ஒரு தாயோட குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சு, என் குரலை அப்படி மாத்தினேன்."

மறுபடி கைதட்டல். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா சாகும்போது நான் கட்டிய பாட்டு ஐந்து நிமிஷத்தில் அவருடைய அம்மாவுக்குப் போய்விட்டது. அதை அவர் கையில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். என் பழி அவருக்கு மாலையாக விழுந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் போன்.

"ஏதோ மாத்தி வெச்சிருக்கே நீ. தெரிஞ்சு வெச்சியோ தெரியாம வெச்சியோ, கேக்கல. ஆனா என்னா ரெஸ்பான்ஸ்மா! அப்படியே இருக்கட்டும். கையை வெக்காத. அடுத்த வாரம் பள்ளிக்கரணைலயும் அதையேதான் கடைசியா வெக்கப் போறேன்."

"சரி அண்ணா" என்றேன்.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அவர் கையை வைக்காதே என்று சொன்னது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அவரே பட்டனை மிதிக்கப்போகிறார்; மிதித்ததும் மைக் இல்லாமல், பத்து மரக்கட்டைகளுக்கு நடுவில் நிற்கப்போகிறார்; அது அவருக்குத் தெரிந்தும் நிற்கப்போகிறார். அப்படியென்றால் நான் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டியதில்லை.

சவுண்ட் அண்ணனுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கரணை நிகழ்ச்சிக்கும் அவர்தான் ஸ்பீக்கர்.

"அண்ணா, மேடைல தொகுப்பாளருக்குன்னு ஒரு கையடக்க மைக் இருக்கும்ல, ஒயர் இல்லாதது. அன்னிக்கு அது எனக்கு வேணும்."

"எத்தினியாவது வரில குந்துவ?"

"ஏழு."

"சேர் மேல வெச்சிட்றேன். நீ எயுந்தா சவுண்ட ஏத்தி வுட்றேன். இன்னாத்துக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு சின்ன ஹால். இருநூறு பேர் இருப்பார்கள். பாடகர் குழுவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அவருடைய மனைவி. நான் ஏழாவது வரிசையில், துப்பட்டாவுக்குள் மைக்கோடு. இந்த வாய் ஒத்துழைக்குமா, ஸ்டூல் இல்லாமல் அத்தனை பேர் நடுவில் நிற்க என் கால் ஒத்துழைக்குமா என்று பயமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. இந்தத் தடவை அவர் திகைக்கவில்லை. ஏழாவது பட்டனை மிதித்தார், ஒரு அடி பின்னால் போனார், தலையைக் குனிந்தார், கையை நெஞ்சில் வைத்தார். ஒத்திகை பார்த்த சோகம்.

என் குரல் ஸ்பீக்கரில் முதல் நான்கு வரியைப் பாடியது. பாடட்டும் என்று விட்டேன். ஐந்தாவது வரியில் எழுந்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோய், அந்தக் குரலுக்குக் கீழே ஒரு குரல் பாடினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். முதலில் என்னைத் தேடவில்லை. லூப்பரைக் குனிந்து பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து புதிதாக ஏதோ வருகிறது என்று நினைத்திருப்பார். முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அதன் பிறகுதான் அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

பட்டனை மிதித்தார். அடுத்ததை மிதித்தார். பத்தையும் மிதித்தார். லூப்பர் பக்கம் குனிந்தார். ஆனால் அவ்வளவு பேர் பார்க்கும்போது மண்டியிட்டு ஒயரைப் பிடுங்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நிமிர்ந்து மைக்கில் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவர் மாதிரி இருந்தார். அந்தக் காட்சியை நான் இன்றும் ரசிக்கிறேன். மறைக்க மாட்டேன்.

எட்டாவது வரியோடு பதிவு முடிந்தது. ஸ்பீக்கரில் இருந்த குரல் நின்றது. நான் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்துக்குப் போனேன். அதை நான் எந்த மெஷினிலும் பதிவு செய்ததில்லை, யாருக்கும் பாடிக்காட்டியதில்லை. மூன்றாவது சரணமும் பாடினேன். அதே குரல் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காது உள்ள எல்லோருக்கும் தெரிந்தது.

முடித்ததும் சொன்னேன். "இது நான் எழுதின பாட்டு. எங்க அப்பாவுக்காக எழுதினது. இவ்வளவு நேரம் நீங்க கேட்ட பெண் குரல் எல்லாம் என்னோடது. அந்தப் பலகைல இருக்கிற ப்ரோக்ராம் பூரா நான் எழுதினது. அண்ணா, நீங்க சொல்ல மறந்துட்டீங்க."

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். நிறையப் பேர் தட்டவில்லை. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். பின்னால் யாரோ ஒரு ஆள் "அப்ப பிட்ச் மாத்தினேன்னு சொன்னது?" என்று சத்தமாகவே கேட்டார். அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அடித்ததைப் பார்த்தேன்.

நான் நடந்து போய் மேடை ஏறினேன். கன்ட்ரோலர் என்னுடையது, கேபிளைக் கழற்றினேன். பிறகு அவருடைய லூப்பர் முன்னால் குனிந்து பதினேழு மெமரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். சீக்கிரமாகச் செய்திருக்கலாம். நிதானமாகச் செய்தேன். அவர் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, மைக் இல்லாமல், மெல்லிய குரலில் சொன்னார்: "எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டியே."

"எல்லார் முன்னாடியும்தானே நீங்களும் பண்ணீங்க."

கீழே இறங்கியபோது அவருடைய மனைவி வழியில் நின்றார். அழுதிருந்தார். "வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாமே நீ. எத்தனை ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல சாப்பிட்டிருக்க."

"பேசினேன் அக்கா. தோள்ல தட்டி அனுப்பிட்டாரு."

அவர் வழியை விட்டார். அந்த ஒரு முகம் மட்டும் எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. அந்த அக்கா மேல் எனக்கு எந்தப் பகையும் இருக்கவில்லை. ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைத் தாங்கிக்கொண்டது அவர்தான்.

வீடியோ எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரு வாரம் சுற்றியது. பாடகர் குழுத் தலைவர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உடனே கேட்டார், அழகாகக் கேட்டார், ஆபீஸ் கடிதம் மாதிரி. அதில் என் குரல் என்ற வார்த்தையே வரவில்லை. "நான் கேக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இப்போது கிழக்குத் தாம்பரத்தில் வேறொரு சர்ச்சுக்குப் போகிறேன். அங்கே ஆல்டோவுக்கு ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள். நான் பின் வரிசையில் பாடுகிறேன். பழைய குழுவின் பாதிப் பேர் என்னைத் தெருவில் பார்த்தால் கடையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறார்கள். அதையும் எதிர்பார்த்தேதான் எழுந்து நின்றேன் என்று சொல்ல ஆசை. எதிர்பார்க்கவில்லை.

அவருக்கு அழைப்புகள் நின்றுபோயின. எட்டு மாதமோ என்னவோ மேடையே இல்லை என்று சவுண்ட் அண்ணன் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் விவரம் கேட்டேன். எந்த நிகழ்ச்சி ரத்தானது, யார் வேண்டாம் என்றார்கள் என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டேன். சவுண்ட் அண்ணனுக்கே சலித்துவிட்டது. "போதும்க்கா, வுடு. அந்தாளு ஏற்கெனவே அடிவாங்கிக் கீறான்." நான் விடவில்லை.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் காலை நேரம், செங்கல்பட்டு ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர் எதிரில் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தப்பிப் போக இடம் இல்லாத நடைமேடை. அவரே நின்றார்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"நான் புதுசா ஒரு கன்ட்ரோலர் வாங்கி நானே கத்துக்கிட்டு இருக்கேன்." சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். "தனியாத்தான் பாடறேன், என் குரல் மட்டும். ஆனா பாட்டுக்குப் பாட்டு மாறும்போது வேகம் தாறுமாறா ஓடுது. ரெண்டாவது பாட்டை மிதிச்சா முதல் பாட்டு வேகத்துலயே நிக்குது. நாலு மாசமா முட்டிக்கிட்டு இருக்கேன். எங்க தப்புன்னு..."

எங்கே தப்பு என்று அவர் முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தாளத்தின் வேகத்தை லூப்பரும் வைத்திருக்கிறது, கன்ட்ரோலரும் அனுப்புகிறது. இரண்டு எஜமானர்கள். கன்ட்ரோலரில் ஒரே ஒரு இடத்தில் அதை அணைத்தால் போதும். அரை நிமிஷம் ஆகாது.

"தெரியலையே" என்றேன். அண்ணா என்று சேர்க்கவில்லை.

ரயில் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். பெருங்களத்தூர் தாண்டும் வரை உள்ளுக்குள் தித்தித்தது. வண்டலூரில் ஒரு குடும்பம் ஏறியது, ஒரு பெண் தன் பையை என் மடியில் வைக்கலாமா என்று கேட்டாள், வாங்கிக்கொண்டேன். கூடுவாஞ்சேரி வரும்போது அன்று காலை ஓட்டிப்பார்க்க வேண்டிய புது பெல்ட்டின் நினைவு வந்தது. அதில் ஒரு சென்சார் தப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. நோட்டை எடுத்து, அதற்கான வரிகளை எழுத ஆரம்பித்தேன்.